பதினைந்தாவது விநாடியில் நிற்கும் குரல்: அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்கும் பயிற்சியாளரும்

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஆட்டமொன்றைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, ஒரு வீரருடைய ஹெல்மெட்டின் பின்புறத்தில் சிறிய பச்சைப் புள்ளி ஒன்று ஒட்டியிருப்பதைக் காணலாம். அந்த ஹெல்மெட்டுக்குள் ஒரு ஒலிவாங்கும் கருவி இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பந்து யார் கையில் இருக்கிறதோ அந்த அணியில் அந்தப் புள்ளியைத் தாங்கியிருப்பவர் குவாட்டர்பேக். மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் அடுத்து ஆட வேண்டியது என்ன என்பதை அந்தக் கருவி வழியாக அவருடைய காதில் சொல்கிறார். முந்தைய முயற்சி முடிந்ததிலிருந்து அடுத்ததைத் தொடங்குவதற்கு 40 விநாடிகள் உண்டு. கடிகாரத்தில் 15 விநாடிகள் எஞ்சியிருக்கும்போது இந்த இணைப்பு தானாகத் துண்டிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு குவாட்டர்பேக்குக்குத் துணை அவருடைய கண்ணும் நினைவும் மட்டுமே. 1994 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால், இந்த விளையாட்டில் அணிகள் எழுவதையும் சரிவதையும் பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஆட்டத்தின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அணியிலும் ஒரு நேரத்தில் 11 பேர் ஆடுகிறார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படுகின்றன. அந்த நான்கிற்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்தத் தனித்தனி முயற்சிகளைத்தான் பிளே என்கிறார்கள். ஒவ்வொரு பிளேயும் முன்கூட்டியே வரைந்து, பெயரிட்டு, வாரம் முழுவதும் பயின்ற ஒரு திட்டம். யார் எந்தத் திசையில் எத்தனை அடி ஓட வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். ஏறக்குறைய எல்லாப் பிளேகளிலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கே வருகிறது. அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எறிவதா, எறிந்தால் ஐந்து பேரில் யாருக்கு என்பதை, தன்னை வீழ்த்தப் பாய்ந்து வரும் ஆட்களுக்கு நடுவே, ஏறத்தாழ இரண்டரை மூன்று விநாடிக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும்.

கிரிக்கெட் பழகிய நமக்கு இங்கே ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். கிரிக்கெட்டில் களத்துக்குள் இறங்கிய பிறகு முடிவுகள் பெரும்பாலும் கேப்டனுடையவை. அமெரிக்கக் கால்பந்திலோ ஒவ்வொரு பிளேக்கும் இடையில் பயிற்சியாளர் உள்ளே நுழைகிறார். தலைமைப் பயிற்சியாளரின்கீழ் தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர் என்று ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். பிளேயைத் தேர்ந்தெடுத்துச் சொல்வது தலைமைப் பயிற்சியாளராகவோ தாக்குதல் ஒருங்கிணைப்பாளராகவோ இருக்கலாம். ஆக, 15 விநாடிக்கு முன்பு வரை ஆட்டம் பயிற்சியாளருடையது. அதற்குப் பிறகு குவாட்டர்பேக்குடையது. ஓர் அணி வென்றது பயிற்சியாளராலா குவாட்டர்பேக்காலா என்ற கேள்வியை ரசிகர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. இருவரும் ஒரே செயலின் இரண்டு பாதிகளைச் செய்கிறார்கள். அந்தப் பாதிகள் எவ்வளவு ஒட்டிப் பொருந்துகின்றன என்பதில்தான் ஓர் அணியின் ஏற்றமும் இறக்கமும் இருக்கின்றன.

வேறு எதுவும் ஓர் அணியை நீண்ட காலம் மேலே வைத்திருக்க முடியாதா என்று கேட்கலாம். மிகவும் கடினம், ஏனென்றால் லீகின் விதிகள் 32 அணிகளையும் ஒரே மட்டத்துக்கு இழுக்கும்படி அமைக்கப்பட்டவை. கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், சென்ற ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. வாகையர் கடைசியில் வருவார்கள். வீரர்களுக்கு ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு 1994-இலிருந்து உச்சவரம்பு உண்டு. 2024-இல் அது 25.54 கோடி டாலர். பணக்கார முதலாளி ஒருவர் நல்ல வீரர்களையெல்லாம் வாங்கிக் குவித்துவிட முடியாது. இந்த உச்சவரம்பிற்குள் வராத ஒரு முக்கியச் செலவு பயிற்சியாளர்களுக்கான சம்பளம். வீரர்களில் ஒரே ஒருவர் மட்டும் மற்ற பத்துப் பேரின் மதிப்பையும் உயர்த்தவோ தாழ்த்தவோ கூடிய இடத்தில் நிற்கிறார், அவர் குவாட்டர்பேக். எனவே விதிகள் எவ்வளவு சமப்படுத்தினாலும், இந்த இரண்டு வழிகளில் மட்டும் ஓர் அணி மற்றவற்றை விட்டு விலகி மேலே போக முடிகிறது.

ஆனால் குவாட்டர்பேக் நன்றாக ஆட ஆட அணிக்கு ஒரு நெருக்கடியும் வளர்கிறது. புதிதாக வந்தவருக்கு, லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2011-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, முதல் நான்கு ஆண்டுகளுக்குச் சம்பளம் அளவோடுதான். சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2012-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த குவாட்டர்பேக் ரஸல் வில்சன் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் குறைவாகவே வாங்கினார். அந்த மிச்சத்தில் அணி வலுவான தடுப்பு வீரர்களை வைத்துக்கொண்டது. 2014 பிப்ரவரியில், லீகின் பட்டத்தைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில், டென்வரை 43–8 என்று நொறுக்கியது. முதல் ஒப்பந்தம் முடிந்ததும் நிலைமை மாறிவிடும். 2024-இல் டாலஸ் அணி தன் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுச் சராசரி 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒருவருக்கே இவ்வளவு போகும்போது அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை வீரர்களுக்கோ, அவர் எறிவதைப் பிடிப்பவர்களுக்கோ, தடுப்பாட்டக்காரர்களுக்கோ எங்கேயாவது குறைத்தாக வேண்டும். அந்தக் குறையைத் திட்டத்தால் ஈடுகட்டுவது அப்போது பயிற்சியாளரின் வேலையாகிவிடுகிறது.

இப்போது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியைப் பார்ப்போம். இந்த அணியின் கதையில் ஏற்றம், நிலைப்பு, சரிவு மூன்றும் முழுமையாக இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பில் பெலிச்சிக் 2000-இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது அவர் பெயருக்கு இருந்த மதிப்பு கலவையானது. அதற்குமுன் கிளீவ்லாந்தில் ஐந்து பருவங்கள் தலைமை வகித்து 36 வெற்றி, 44 தோல்வி என்ற கணக்குடன் வெளியேறியவர் அவர். பேட்ரியட்ஸிலும் முதல் ஆண்டில் 5 வெற்றி, 11 தோல்வி. அந்த ஆண்டு டிராஃப்டில், ஆறாம் சுற்றில், 199-ஆவது ஆளாக டாம் பிரேடி என்ற மிச்சிகன் பல்கலைக்கழக மாணவரை அணி எடுத்தது. அப்போது அணியின் குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோ. 1993 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, அணியை ஒரு சூப்பர் பௌல் வரை கொண்டுபோனவர். 2001 மார்ச்சில் பத்து ஆண்டுகளுக்கு 10.3 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். அந்த நாற்காலி காலியாகும் என்று யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

2001 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பிளெட்ஸோ பந்துடன் ஓரக்கோட்டை நோக்கி ஓடினார். எதிரணியின் மோ லூயிஸ் முழு வேகத்தில் வந்து அவரை இடித்தார். உடலுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு பிளெட்ஸோ மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பிரேடி உள்ளே வந்தார். விபத்து கொடுத்த வாய்ப்பு என்று இதைச் சொல்வது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்ததுதான். பிளெட்ஸோ குணமாகித் திரும்பி வந்தபோது, அத்தனை பெரிய ஒப்பந்தத்தையும் ரசிகர்களிடம் அவருக்கிருந்த செல்வாக்கையும் மீறி, பிரேடியே தொடர்ந்து ஆடுவார் என்று பெலிச்சிக் முடிவெடுத்தார். வாய்ப்பு விபத்தாக வந்திருக்கலாம், அது பிரேடியிடமே நிலைத்தது பயிற்சியாளரின் தீர்ப்பினால்.

அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் 2002 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. எதிரணியான செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 14 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று கணிக்கப்பட்டிருந்தது. 17–17 என்று சமநிலையில் இருந்தபோது 1 நிமிடம் 21 விநாடி மட்டும் எஞ்சியிருக்க, பந்து பேட்ரியட்ஸின் சொந்தப் பக்கத்து 17-ஆவது யார்டில். ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் வாய்ப்புகளும் தீர்ந்துவிட்டன. தொலைக்காட்சியில் வர்ணனை செய்த ஜான் மேடன், நேரத்தைக் கழித்துவிட்டுக் கூடுதல் நேரத்துக்குப் போவதே நல்லது என்றார். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். பெலிச்சிக்கும் அவருடைய தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் சார்லி வைஸும் முன்னேறுவது என்று தீர்மானித்தார்கள். பிரேடி நீளமாக எதையும் எறியவில்லை. பக்கத்தில் நின்ற ஜே.ஆர். ரெட்மண்டுக்குச் சிறு சிறு எறிதல்கள் மூன்று. பிறகு டிராய் பிரவுனுக்கு 23 யார்டு. இன்னொரு சிறு எறிதல். உடனே பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். மீதி 7 விநாடி. ஆடம் வினாட்டியேரி 48 யார்டு தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, 20–17. முயலலாம் என்ற முடிவு பயிற்சியாளர்களுடையது. ஒருமுறைகூடப் பந்தை எதிரணியிடம் பறிகொடுக்காமல், பதறாமல், சிறியதைச் சிறியதாகவே எடுத்துக்கொண்டு போன நிதானம் 24 வயது இளைஞருடையது. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

இப்படித் தொடங்கிய கூட்டு 2001 முதல் 2019 வரை 19 பருவங்களில் 17 முறை தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆறு சூப்பர் பௌல்களை வென்றது. இதற்கிடையில் ஆட்ட முறை பலமுறை மாறியது. தொடக்கத்தில் தடுப்பாட்டத்தை நம்பிய அணி, 2007-இல் பந்து பிடிப்பவரான ராண்டி மாஸை நோக்கி நெடுந்தூரம் எறிந்து 16 ஆட்டங்களையும் வென்றது (இறுதியில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17–14 என்று தோற்றது). பிறகு ராப் கிரான்கவ்ஸ்கியை மையமாக வைத்து ஆடியது. சந்தை மதிப்பை விடக் குறைவான சம்பளத்துக்கு பிரேடி பலமுறை ஒப்புக்கொண்டதால் பயிற்சியாளருக்கு வேறு வீரர்களைச் சேர்க்க இடம் கிடைத்தது.

பயிற்சி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2015 பிப்ரவரி 1 அன்று நடந்ததைத்தான் நான் காட்டுவேன். பேட்ரியட்ஸ் 28–24 என்று முன்னிலை. சீஹாக்ஸ், கடந்தால் புள்ளி கிடைக்கும் எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தூரத்தில் பந்தை வைத்திருக்கிறது. அரை நிமிடம்கூட இல்லை. வில்சன் உட்புறமாக எறிந்த பந்தை மால்கம் பட்லர் பாய்ந்து பறித்தார். அவர் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத முதலாண்டு வீரர். அந்த வாரப் பயிற்சியில் அதே அமைப்பில், அதே பிளேயில், பட்லர் தாமதித்துப் பந்தை விட்டிருந்தார். எப்படி முன்னால் பாய வேண்டும் என்று அப்போது அவருக்குத் திருத்திச் சொல்லப்பட்டது. எதிரணி வரிசையில் நின்ற விதத்தைக் கண்டதும் பட்லருக்கு அது நினைவுக்கு வந்தது. பிரேடி அந்த நேரம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குவாட்டர்பேக் களத்திலேயே இல்லாத ஒரு விநாடியில் பட்டம் காப்பாற்றப்பட்டது.

சரிவு திடீரென்று வந்ததாகத் தோன்றினாலும் அதன் வேர் பழையது. பிரேடிக்குப் பின் என்ன என்பதற்கு அணியிடம் ஒரு விடை இருந்தது: 2014-இல் இரண்டாம் சுற்றில் எடுத்த ஜிம்மி கரோப்போலோ. ஆனால் பிரேடி 40 வயதிலும் தளராமல் ஆடியதால், 2017 அக்டோபரில் கரோப்போலோவை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஆறாவது பட்டம் கிடைத்தது. வாரிசு மட்டும் இல்லாமல் போனார். கிரான்கவ்ஸ்கி 2019-இல் ஓய்வு பெற்றார். பந்து பிடிக்கும் வீரர்களை டிராஃப்டில் தேர்ந்தெடுத்ததில் அணி தொடர்ந்து சறுக்கியது. 2020 மார்ச்சில் பிரேடி விலகி டாம்பா பே பக்கனியர்ஸுக்குப் போனார்.

டாம்பாவில் முந்தைய ஆண்டு 7 வெற்றி, 9 தோல்வி. அங்கே குவாட்டர்பேக்காக இருந்த ஜேமிஸ் வின்ஸ்டன் 33 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார், 30 முறை பந்தை எதிரணியிடமும் எறிந்தார். பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் மாறவில்லை, அணியும் பெருமளவு அதுவே. பிரேடி வந்த முதல் பருவத்திலேயே அது சூப்பர் பௌலை 31–9 என்று வென்றது. பேட்ரியட்ஸோ அதே ஆண்டு 7–9, அதாவது 7 வெற்றி, 9 தோல்வி. அப்போது பலரும் தீர்ப்பெழுதிவிட்டார்கள்: எல்லாம் பிரேடிதான் என்று. எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. டாம்பாவில் திறமையான பந்து பிடிப்பாளர்களும், இறுதி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியை ஒரு டச்டவுன்கூட எடுக்கவிடாத தடுப்பாட்டமும் இருந்தன. அங்கே தேவைப்பட்டது பந்தைப் பறிகொடுக்காத கை ஒன்று மட்டுமே.

பெலிச்சிக்கின் அடுத்த ஆண்டுகள் இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கவை. 2021-இல் முதல் சுற்றில் எடுத்த மேக் ஜோன்ஸ், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஜாஷ் மெக்டேனியல்ஸின்கீழ் முதல் பருவத்திலேயே 10 வெற்றி, 7 தோல்வியுடன் அணியை பிளேஆஃப் எனப்படும், பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுக்குக் கொண்டுபோனார். மெக்டேனியல்ஸ் லாஸ் வேகஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அந்த இடத்துக்குத் தேர்ந்த தாக்குதல் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தாமல், தடுப்பாட்டத்தில் பெயர் பெற்ற மேட் பட்ரீஷியாவிடம் பிளே சொல்லும் பொறுப்பைப் பெலிச்சிக் கொடுத்தார். இளம் குவாட்டர்பேக்கின் காதில் ஒலித்த குரல் மாறியது, 2022-இல் 8–9. 2023-இல் மூன்றாவது ஆண்டாக மூன்றாவது ஆள், பில் ஓ'பிரையன். அணி 4–13 என்று முடித்தது. ஜோன்ஸ் நடுவிலேயே உட்காரவைக்கப்பட்டார். 24 பருவங்களுக்குப் பிறகு 2024 ஜனவரியில் பெலிச்சிக்கும் அணியும் பிரிந்தனர். ஜோன்ஸ் மகத்தான வீரராகியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மொழி கற்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கொரு ஆசிரியரை, அதுவும் வேறு பாடம் நடத்துபவரை, மாற்றிக்கொண்டிருந்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் காட்ட வேண்டும். குவாட்டர்பேக் ஜேரட் காஃப் 2016 டிராஃப்டில் முதல் ஆள். ராம்ஸ் அணிக்காக அந்த ஆண்டு அவர் தொடங்கிய ஏழு ஆட்டங்களும் தோல்வி. புள்ளிகள் எடுத்ததில் அணி லீகிலேயே கடைசி. 2017 ஜனவரியில் 30 வயதான ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளரானார். அந்தப் பருவத்தில் அதே காஃபுடன் அதே அணி புள்ளிகள் எடுத்ததில் முதலிடம். மெக்வே தன் வீரர்களை விரைவாக வரிசையில் நிறுத்தி, 15 விநாடி வரம்பு வருவதற்குள் எதிரணியின் அமைப்பைத் தானே பார்த்து காஃபிடம் சொல்லிவிடுவார் என்பது பலராலும் பேசப்பட்டது. 2019 பிப்ரவரி சூப்பர் பௌலில் பெலிச்சிக்கின் தடுப்பாட்டம் இதே அணியை வெறும் 3 புள்ளிகளில் நிறுத்தியது. 2021 தொடக்கத்தில் ராம்ஸ் காஃபை டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து, 12 பருவங்களில் ஒரு பிளேஆஃப் வெற்றிகூடக் காணாத மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கியது. ஸ்டாஃபர்ட் முதல் ஆண்டிலேயே சூப்பர் பௌல் வென்றார்.

காஃப் கழித்துவிடப்பட்டவர் போலப் பேசப்பட்டார். டெட்ராய்ட்டில் டேன் கேம்ப்பெல் தலைமையில் முதல் பருவத்தில் மூன்றே வெற்றிகள். அடுத்த ஆண்டு பென் ஜான்சன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரானார். காஃபுக்கு எது இயல்பாக வருமோ, அதாவது உறுதியான முன்வரிசைக்குப் பின்னால் நின்று உரிய நேரத்தில் நடுப்பகுதிக்கு எறிவது, அதைச் சுற்றியே திட்டங்கள் அமைந்தன. 9–8, 12–5, 15–2 என்று ஏறியது அணி. 2024 ஜனவரியில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு டெட்ராய்ட் பெற்ற முதல் பிளேஆஃப் வெற்றி அதே ஸ்டாஃபர்டின் ராம்ஸ் அணிக்கு எதிராகத்தான், 24–23. பிறகு ஜான்சன் சிகாகோவுக்கும், தடுப்பு ஒருங்கிணைப்பாளர் ஏரன் கிளென் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். 2025-இல் லயன்ஸ் 9–8. வெற்றி பெறும் அணியின் பயிற்சியாளர்களை மற்ற அணிகள் கொத்திக்கொண்டு போவதும் இந்த லீகின் சமப்படுத்தும் வழிகளில் ஒன்று. அதற்கு எந்த உச்சவரம்பும் இல்லை.

குவாட்டர்பேக்குக்கு ஏற்பத் திட்டத்தை வளைப்பது புதிதல்ல. 1970-இல் சின்சினாட்டியில் துணைப் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், தன்னிடமிருந்த வர்ஜில் கார்ட்டருக்கு நெடுந்தூரம் எறியும் வலு இல்லை என்பதால், குறுகிய தூரத்தில், துல்லியமாக, நேரம் குறித்து எறியும் ஒரு முறையை உருவாக்கினார். 1979-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தலைமை ஏற்று, மூன்றாம் சுற்றில் ஜோ மொன்டானாவை எடுத்து அந்த முறையை அவரிடம் ஒப்படைத்தார். 2–14 என்றிருந்த அணி மூன்றாவது பருவத்தில் வாகை சூடியது. வால்ஷ் விலகிய அடுத்த ஆண்டும் ஜார்ஜ் சீஃபர்ட்டின்கீழ் பட்டம் வந்தது. மொன்டானாவுக்குப் பின் ஸ்டீவ் யங்குடனும் வந்தது. ஆட்களுக்கு மாற்று தயாராக இருந்ததும், பேசப்பட்ட மொழி மாறாமல் இருந்ததும்தான் காரணங்கள். இண்டியானாபொலிஸில் இதற்கு எதிரானது நடந்தது: கழுத்து அறுவை சிகிச்சையால் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் 2011 முழுவதும் ஆட முடியாமல் போனபோது, முந்தைய ஆண்டு 10–6 என்றிருந்த அணி 2–14-க்கு விழுந்தது. எல்லாமே அவர் ஒருவரின் தலைக்குள் இருந்தது.

பேட்ரியட்ஸ் 2024-இல் டிராஃப்டின் மூன்றாவது ஆளாக டிரேக் மே என்ற இளம் குவாட்டர்பேக்கை எடுத்தது. ஜெராட் மேயோவின் தலைமையில் அந்தப் பருவமும் 4–13. ஓர் ஆண்டிலேயே மேயோவை நீக்கிவிட்டு மைக் வ்ரேபலைக் கொண்டுவந்தார்கள். 2002-இன் அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணிக் குவாட்டர்பேக் கர்ட் வார்னர் மீது பாய்ந்து அவருடைய எறிதலைக் கெடுத்து, டை லா பந்தைப் பறித்து டச்டவுன் எடுக்க வழிசெய்த அதே வ்ரேபல். தாக்குதலுக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர் மெக்டேனியல்ஸ். 2025 பருவத்தில் அணி 14 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டும் தோற்றது. மேவுக்கு அப்போது 23 வயது. பல ஆண்டுகள் பிரேடிக்காகப் பிளேகளைத் தேர்ந்தெடுத்த மனிதரே இப்போது, கடிகாரம் 15-ஐத் தொடும்வரை, அவருக்கும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.